மேடை நின்றுபோன மாதங்களில் உள்ளூர் சுயாதீன இசையைத் தொடர எந்த வழி நல்லது?

நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வார இறுதியில் நண்பர் யாராவது இழுத்துக்கொண்டு போவார். நாம் பார்க்கப் போன குழுவுக்கு முன்னால் பெயரே கேள்விப்படாத இன்னொரு குழு அரை மணி நேரம் வாசிக்கும். அதில் பேஸ் வாசித்தவர் அடுத்த மாதம் வேறொரு குழுவோடு வந்து நிற்பார். ஓர் ஊரின் சுயாதீன இசை, அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராமல் தாங்களே இசைத்து வெளியிடுகிறவர்களின் இசை, நமக்குப் பழக்கமாவது இப்படித்தான். நாமாகத் தேடிப் பிடித்தது கொஞ்சம், கூட்டத்தில் நின்றதால் காதில் விழுந்தது நிறைய.

2020 மார்ச்சில் உலகம் முழுக்க அரங்குகள் ஒரே சமயத்தில் மூடியபோது இதைப் பலரும் ஒன்றாக உணர்ந்தார்கள். பாட்டு வருவது நிற்கவில்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் முன்பைவிட அதிகமாகவே பதிவுசெய்தார்கள். நின்றுபோனது அந்தக் ‘காதில் விழுவது’ மட்டும். தொற்றுநோய்தான் என்றில்லை. ஊரில் இருக்கும் ஒரே சின்ன அரங்கு பழுதுபார்ப்புக்காக மூடினாலும் உரிமப் பிரச்சினையில் மாட்டினாலும் ரசிகருக்கு நிலைமை இதேதான்.

அப்போது முன்னால் பல வழிகள் வந்து நிற்கின்றன: ஸ்ட்ரீமிங் சந்தா, நேரடியாக ஆல்பம் வாங்குவது, நேரலை, வானொலி, மாத உறுப்பினர் திட்டம், சமூக வலைத்தளம். எல்லாவற்றையும் செய்ய ஆசைதான். ஆனால் காசும் நேரமும் அளவோடுதான் இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, இந்த வழியில் என் ஊரிலிருந்து எனக்குத் தெரியாத புதுப் பெயர் வந்து சேருமா? இரண்டு, நான் செலவழிக்கும் காசில் எவ்வளவு இசைக்கிறவர் கைக்குப் போகும்? மூன்று, இதற்கு நான் எவ்வளவு நேரத்தையும் கவனத்தையும் கொடுக்க வேண்டும்? நான்கு, இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கையில் ஏதாவது மிஞ்சுமா?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் என்னிடம் எடை அதிகம். ஏற்கெனவே தெரிந்த மூன்று குழுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்ல பொழுதுபோக்கு, தப்பே இல்லை. ஆனால் ஓர் ஊரின் இசையைத் தொடர்கிறேன் என்று சொல்ல அது போதாது.

## ஸ்ட்ரீமிங் சந்தா

பெரும்பாலானவர்களிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான். அதனால் கூடுதல் செலவு இல்லை என்று தோன்றும்.

பரிந்துரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இதன் குறை புரியும். ஸ்பாட்டிஃபை 2015-இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாடல்களைக் கொடுக்கிறது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு கணக்கு: இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள்? நிறையப் பேர் கேட்ட பாட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாக வரும். இருநூறு பேர் மட்டும் கேட்ட பாட்டில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. அப்புறம், பரிந்துரைக்கும் இந்தக் கணக்குமுறைக்கு, அதாவது அல்காரிதத்துக்கு, ஊர் என்பது முக்கியமான அளவுகோலே இல்லை. உங்கள் தெருவில் ஒத்திகை பார்க்கும் குழுவைவிட, அதே மாதிரி ஒலிக்கும் வேறு கண்டத்துக் குழுதான் அதற்கு உங்களுக்கு நெருக்கமானது.

காசு விஷயம் இன்னும் சிக்கல். பெரும்பாலான சேவைகளில் எல்லோருடைய சந்தாவும் ஒரே குடத்தில் விழுகிறது. பிறகு மொத்தக் கேட்புகளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க உள்ளூர்க் குழுக்களை மட்டுமே கேட்டாலும், உங்கள் சந்தாவின் பெரும்பகுதி நீங்கள் கேட்கவே கேட்காத நட்சத்திரங்களுக்குப் போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு வரம்பும் வந்தது. ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பதிவுக்கு உரிமத்தொகை கணக்கில் வரும். சின்ன ஊரின் சின்னக் குழுவுக்கு அந்த ஆயிரம் லேசானது அல்ல. சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு சேவை 2021-இல் வேறு முறையைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்துள்ள கலைஞர்களுக்கு, ஒவ்வொரு ரசிகரின் பங்கும் அவர் உண்மையில் கேட்டவர்களுக்கே பிரியும். நியாயமான யோசனை. ஆனால் அது பொதுவழக்கமாகவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் சந்தாவை நிறுத்தவில்லை. காரணம் ஒரு சின்ன வழி. மிகச் சிறிய குழு ஒன்றின் பக்கத்துக்குப் போய், அதன் ரசிகர்கள் வேறு யாரைக் கேட்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரிய பாடகருக்கு அந்தப் பட்டியல் சலிப்பாக இருக்கும், எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்தான். சின்னக் குழுவின் ரசிகர்களோ பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே அரங்குக்குப் போனவர்கள். அதனால் அந்தப் பட்டியலில் அதே அரங்கில் வாசித்த மற்றக் குழுக்கள் தலைகாட்டும். ஸ்பாட்டிஃபையில் கலைஞரின் பக்கத்தில் எந்த நகரங்களில் அதிகம் கேட்கிறார்கள் என்றும் போட்டிருக்கும். உங்கள் ஊர் அதில் முதலில் இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

யாருக்கு ஏற்றது? கையில் ஐந்தாறு உள்ளூர்ப் பெயர்கள் ஏற்கெனவே இருப்பவருக்கு. வெறுங்கையோடு தொடங்குகிறவருக்கு இது உதவாது.

## நேரடியாக வாங்குவது

இசைக்கிறவர்கள் தங்கள் ஆல்பங்களை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் தளங்களில் 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப்தான் பலருக்கும் தெரிந்த பெயர். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், இசைத்தட்டு, கேசட், சட்டை போன்ற பொருள்களில் 10 சதவீதமும் தளம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. எல்லாம் போக, சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவரது இசையை வெளியிடும் நிறுவனத்துக்கோ (லேபிள்) போகிறது என்று தளமே சொல்கிறது. 2020 மார்ச் 20 அன்று, அரங்குகள் மூடிய அந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கத் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அப்படித் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ பிறகு பலமுறை நடந்தது. ஏதாவது வாங்குவதாக இருந்தால் அந்த நாள்வரை பொறுத்திருப்பது புத்திசாலித்தனம்.

காசைவிட எனக்குப் பிடித்தது வேறு இரண்டு வசதிகள். ஊர்ப் பெயரைக் குறிச்சொல்லாகக் கொடுத்துத் தேடலாம், அந்த ஊர்க் குழுக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட அடையாளம் அது. இன்னொன்று, ஆல்பத்தின் அருகே அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் தெரியும். ஒன்றை அழுத்தினால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களெல்லாம் விரியும். முன்பின் தெரியாத ஒருவரின் அலமாரியைத் துழாவுவது போல. அரங்கில் பக்கத்தில் நின்றவர் ‘இவங்களைக் கேட்டிருக்கீங்களா?’ என்று கேட்பதற்கு இணையத்தில் நான் கண்ட மிக நெருக்கமான மாற்று இதுதான்.

ஆல்பத்தை வாங்கினால் அதோடு வரும் குறிப்புகளையும் படியுங்கள். யார் பதிவுசெய்தது, பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்து யார் மிக்ஸ் செய்தது, டிரம்ஸ் யார். ஒரு ஊரில் நல்ல ஒலிப்பொறியாளர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பத்து ஆல்பங்கள் கிடைக்கும்.

இனி மறைவான செலவுகள். முதலாவது, பொருளாக வாங்கினால் அனுப்பும் செலவு சில நேரம் ஆல்பத்தின் விலையையே தொட்டுவிடும். இரண்டாவது, வாங்கிவிட்டோம் என்ற திருப்தியில் கேட்காமல் விடுவது. என் சேகரிப்பில் ஒருமுறைகூட முழுதாகக் கேட்காத ஆல்பங்கள் இருக்கின்றன, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதுதான் பெரியது: தளத்தில் இருக்கிறது, அது போதும் என்ற நம்பிக்கை. பேண்ட்கேம்பை 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது. 2023-இல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். தளம் இன்றும் ஓடுகிறது என்றாலும், தளங்கள் சாகாவரம் பெற்றவை அல்ல. ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் தொலைந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அதில் சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் வழியாக மீண்டு வந்தன. எத்தனையோ ஊர்களின் அந்தக் காலத்து இசை அதோடு போயிற்று. எனவே வாங்கியதும் ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக இறக்கி, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

## நேரலை நிகழ்ச்சிகள்

மேடை இல்லாதபோது முதலில் மனம் போவது இங்கேதான். நான் மிகக் கவனமாகப் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

ஒரு பௌதிக விஷயம் இதில் ஒளிந்திருக்கிறது. இருவர் சேர்ந்து தாளம் தப்பாமல் வாசிக்க வேண்டும் என்றால், ஒருவரின் ஒலி மற்றவர் காதுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர வேண்டும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் கடப்பது எட்டு முதல் பத்து மீட்டர். அதாவது ஒரு நடுத்தர மேடையின் அகலம். வீட்டு இணையத்தில் சாதாரண வீடியோ அழைப்பின் தாமதம் இதைப்போலப் பல மடங்கு. ஆகவே ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு முழுக் குழு உண்மையான நேரலையில் வாசிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். கட்டம் கட்டமாகப் பிரிந்த திரையில் ஐந்து பேர் சேர்ந்து வாசித்த காணொளிகள் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டப்பட்டவை.

விளைவு என்ன? நேரலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் ஊரில் கிட்டாரோடு தனியாகப் பாடுகிறவர்களும் மடிக்கணினியில் இசைக்கிறவர்களும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். டிரம்ஸ் வைத்து இரைச்சலாக வாசித்த குழுக்கள் கண்ணிலிருந்தே மறைந்துவிடும். அவர்கள் கலைந்துபோகவில்லை. ஒரே அறையில் சேர முடியவில்லை, அவ்வளவுதான்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டைக் கேட்க 144 எம்பி டேட்டா ஆகும். முழு எச்டி காணொளி என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிபியைத் தாண்டலாம். பிறருடைய பாட்டை வாசித்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடி போன்ற, பதிப்புரிமையைப் பார்க்கும் தானியங்கிச் சோதனை நடுவில் குறுக்கிடக்கூடும். பிறகு கவனம்: இருட்டான அரங்கில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற அதே ஆள், வீட்டில் பத்தாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார். நானும் அந்த ஆள்தான்.

ஆனால் ஒரு நல்லது உண்டு. அரட்டைப் பெட்டி. சின்ன நேரலைக்கு வருகிற முப்பது நாற்பது பேரில் பாதிப் பேர் மற்றக் குழுக்காரர்கள். யார் யாரைப் பெயர் சொல்லி வரவேற்கிறார்கள் என்று பார்த்தாலே ஊரின் இசை உறவுகள் விளங்கிவிடும். இருக்கும் ஆட்களோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று நினைப்பவருக்கு மாதம் ஒரு நேரலை போதும். காசு கொடுப்பதாக இருந்தால் தளத்தின் பரிசுப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கமிஷன் எவ்வளவு என்று பாருங்கள். நேரடியாக அனுப்ப முடிந்தால் அதுவே மேல்.

பழைய நிகழ்ச்சிகளைக் கேட்க விரும்பினால் இன்டர்நெட் ஆர்க்கைவில் 2002 முதல் இயங்கும் நேரடி இசைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அனுமதி கொடுத்த கலைஞர்களின் மேடைப் பதிவுகள் மட்டும் அதில் இருக்கும். உள்ளூர்க் குழு ஒன்று அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

## வானொலியும் பாட்காஸ்ட்டும்

பழைய சமாச்சாரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் முதல் கேள்விக்கு இதுதான் நன்றாகப் பதில் சொல்கிறது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972-இல் தொடங்கிய கேசிஎம்யூ என்ற மாணவர் வானொலியைப் பாருங்கள். பின்னால் உலகம் அறிந்த சவுண்ட்கார்டன் குழுவின் கிம் தயில், மட்ஹனி குழுவின் மார்க் ஆர்ம் போன்றவர்கள் அங்கே நிகழ்ச்சி நடத்தியவர்கள். வாசிப்பவர்களும் ஒலிபரப்பியவர்களும் ஒரே ஆட்கள். 2001 முதல் அது கேஇஎக்ஸ்பி என்ற பெயரில் இயங்குகிறது, நேயர்களின் நன்கொடையில்தான் பெருமளவு ஓடுகிறது. பிரிட்டனில் பிபிசி 2007-இல் ‘இன்ட்ரொட்யூசிங்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒப்பந்தம் எதுவும் இல்லாத கலைஞர் பாட்டை அனுப்பினால் அது அவரது வட்டார நிலையத்தின் நிகழ்ச்சிக்குப் போகும். அல்காரிதம் கண்டுகொள்ளாத ஊர் என்ற அளவுகோலை இங்கே முதல் படியிலேயே வைத்துவிட்டார்கள்.

எல்லா ஊரிலும் இவ்வளவு பெரிய அமைப்பு இருக்காது, சரி. ஆனால் ஒரு சமுதாய வானொலியில் வாரம் ஒரு மணி நேரமோ, கல்லூரி மாணவர் இருவர் நடத்தும் பாட்காஸ்ட்டோ, ஓர் இணைய வானொலியோ, ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

இதன் மறைவான செலவு, இன்னொருவரின் ரசனைக்கு உங்களை ஒப்புக்கொடுப்பது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பாட்டு வந்தால் எட்டு பிடிக்காமல் போகலாம், தாண்டிச் செல்லவும் முடியாது. அரங்கில் நாம் பார்க்கப் போகாத அந்த முதல் குழுவைக் கேட்டதும் இப்படித்தானே? பிடிக்காத எட்டைப் பொறுத்துக்கொண்டதால்தான் மற்ற நான்கு கிடைத்தன. இன்னொரு குறை, ஒலிபரப்பால் கலைஞருக்குக் கிடைக்கும் காசு மிகக் குறைவு. நாட்டுக்கு நாடு விதியும் வேறுபடும். பெயரை இங்கே பிடித்து ஆல்பத்தை வேறு இடத்தில் வாங்க வேண்டியதுதான்.

## மாத உறுப்பினர் திட்டம்

பிடித்த கலைஞருக்கு ரசிகர்கள் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாடு இது. ஜாக் கான்டி என்ற இசைக்கலைஞரும் சாம் யாமும் 2013-இல் தொடங்கிய பேட்ரியான் தளம் இதில் முன்னோடி. ஒரு கலைஞருக்கு மாதாமாதம் நிலையான வருமானம் கிடைப்பது, நிகழ்ச்சி இல்லாத காலத்தில் வாடகை கொடுக்க முடிவதற்கும் முடியாததற்கும் இடையிலான வித்தியாசம். ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒரே ஒரு ஆளை ஆழமாகத் தொடர்வது. ஊரின் மற்ற இசை இதன் வழியாக வராது. மூன்று நான்கு பேருக்குச் சேர்ந்துவிட்டால் தொகை மளமளவென்று ஏறும், நிறுத்துவதற்கு மனசும் வராது. சேர்வதாக இருந்தால் போன் செயலி வழியாகச் சேராமல் உலாவியில் சேருங்கள். செயலிக் கடைகள் 30 சதவீதம்வரை கமிஷன் எடுக்கக்கூடும்.

## சமூக வலைத்தளம்

இலவசம். அதனால்தான் கவனம். ஒரு குழுவைப் பின்தொடர்வதால் அது போடுவதெல்லாம் உங்களுக்குக் காட்டப்படும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரு புது ஆல்பச் செய்தி கிடைக்க நாற்பது நிமிடம் வேறு எதையோ உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழுவுக்கு மின்மடல் (மின்னஞ்சலில் வரும் செய்திமடல்) இருந்தால் அதில் பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நிகழ்ச்சி அறிவிப்புக்கென்றே இருக்கும் பேண்ட்ஸ்இன்டவுன், சாங்கிக் போன்ற செயலிகள் மேடை இல்லாத மாதங்களில் அமைதியாகத்தான் கிடக்கும். அழித்துவிடாதீர்கள், மேடை திரும்பும்போது வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஊரின் புதுப் பெயர் | கலைஞருக்குக் காசு | நேரம், கவனம் | பிறகு மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| ஸ்ட்ரீமிங் | தேடத் தெரிந்தால் கொஞ்சம் | மிகக் குறைவு | குறைவு | சந்தா உள்ளவரை |
| நேரடி வாங்கல் | நல்லது | அதிகம் | நடுத்தரம் | இறக்கி வைத்தால் நிரந்தரம் |
| நேரலை | தனிப்பாடகர்கள் மட்டும் | தளத்தைப் பொறுத்தது | மிக அதிகம் | நினைவு |
| வானொலி, பாட்காஸ்ட் | மிக நல்லது | மிகக் குறைவு | வாரம் ஒரு மணி நேரம் | எழுதிவைத்த பெயர்கள் |
| உறுப்பினர் திட்டம் | இல்லை | அதிகம் | குறைவு | ஒரே கலைஞரின் முழு வேலை |
| சமூக வலைத்தளம் | அதிர்ஷ்டம் | இல்லை | கணக்கே இல்லை | ஒன்றுமில்லை |

## உங்களுக்கு எது?

புது ஊருக்கு வந்து சேர்ந்தவுடன் நிகழ்ச்சிகள் நின்றுவிட்டன, ஒரு பெயரும் தெரியாது என்றால் வானொலியில் தொடங்குங்கள். கேட்கும்போது கையில் காகிதம் வைத்துக்கொண்டு நான்கு வாரம் பெயர்களைக் குறியுங்கள். இரண்டு முறைக்கு மேல் வந்த பெயரைப் போய்த் தேடுங்கள். காசு செலவழிக்க அவசரமே இல்லை.

ஊர்க் குழுக்கள் ஏற்கெனவே பழக்கம், அவர்கள் நிலைமைதான் கவலையாக இருக்கிறது என்றால், நிகழ்ச்சிச் சீட்டுக்கு மாதாமாதம் செலவழித்த அதே தொகையை ஒதுக்கி வையுங்கள். அதில் மாதம் ஓர் ஆல்பம் நேரடியாக வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் முறை ஓட்டுவதைவிட அந்த ஒரு வாங்கல் அவர்களுக்குக் கனமானது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் சந்தாவை விடுவேன்.

காசு அறவே இல்லாத மாதங்களில் வானொலியும் மின்மடலும் போதும். பேண்ட்கேம்பில் பெரும்பாலான ஆல்பங்களைச் சில முறையாவது இலவசமாகக் கேட்க விடுவார்கள். விரும்பியதைக் குறித்துவைக்கும் பட்டியலும் உண்டு.

தனியாகக் கேட்கப் பிடிக்காது, ஆட்கள் வேண்டும் என்பவர்களுக்கு மேலே சொன்ன எந்தத் தளமும் முழு விடை அல்ல. நான் கடைசியில் செய்தது இது: முன்பு சேர்ந்து நிகழ்ச்சிகளுக்குப் போன நான்கு பேர், ஞாயிறுதோறும் குழு அழைப்பில் வந்தோம். ஆளுக்கொரு உள்ளூர் ஆல்பம், மற்ற மூவரும் அதுவரை கேட்டிருக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. முதல் வாரம் எல்லோருக்கும் தெரிந்ததையே கொண்டுவந்தோம். ஐந்தாவது வாரத்தில் ஒருவர், தன் மாடி வீட்டில் குடியிருப்பவர் யாருக்கும் சொல்லாமல் ஏற்றிவைத்திருந்த நான்கு பாட்டுகளைக் கொண்டுவந்தார். மொத்தக் கேட்பு அன்றுவரை பதினொன்று.